6 கோடி வருகிறது: கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: நானும் அண்ணாவும் திருகோணமலையில் மீன் விநியோகக் கம்பனி ஒன்று நடத்துகிறோம். கொட்பேயிலும் நிலாவெளி, இறக்கக்கண்டி வாடிகளிலும் சூரை, அறக்குளா, பாரை வாங்கி, எங்கள் செயலியில் வரும் ஓடர்களுக்கு இங்குள்ள ஹோட்டல்களுக்கும் கொழும்பு உணவகங்களுக்கும் அனுப்புகிறோம். ஆண்டு விற்பனை 9 கோடி 60 இலட்சம். வரி போக இலாபம் 85 இலட்சம். விற்பது எல்லாமே 45 நாள் கடனுக்கு. ஐஸ் அறை, இரண்டு கூலர் லொறி, செயலி மேம்பாடு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். துணிகர முதலீட்டு நிதி ஒன்று 6 கோடி தந்து 30% பங்கு கேட்கிறது. 14 நாளில் பதில் வேண்டுமாம். வங்கிபோல மாதத் தவணை இல்லை என்பதால் அண்ணாவுக்கு விருப்பம். இந்த வகை முதலீடே உலகில் சுருங்கிவருகிறது என்றும் படிக்கிறேன். இது நிலைக்கிற பணமா? வாங்கலாமா? செயலியை எழுதிய தம்பி கம்பனி ஊழியர் அல்ல. டேர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைத் தாளை) இணைத்திருக்கிறேன்.
— வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது வந்திருக்கிற வடிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அதற்காக அவர்களை விரட்டவும் வேண்டாம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை மாற்றக் கேட்கவேண்டும் என்று கீழே எழுதுகிறேன். அதற்கு முன், மாதத் தவணை இல்லாத பணம் என்று அண்ணா நினைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தவணை இல்லை என்பது சரி. ஆனால் தவணைக்குப் பதிலாக ஒரு காலக்கெடு இருக்கிறது. அது உங்கள் கம்பனியின் கெடு அல்ல, அந்த நிதியின் கெடு.

துணிகர நிதி தன் சொந்தப் பணத்தைப் போடுவதில்லை. ஓய்வூதிய நிதிகள், காப்புறுதிக் கம்பனிகள், வசதியான குடும்பங்கள், அபிவிருத்தி நிதி நிறுவனங்கள் போன்றவர்களிடம் பணம் திரட்டி, வழக்கமாக 10 ஆண்டில் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் செய்கிறது. ஆண்டுக்கு 2% நிர்வாகக் கட்டணம், இலாபத்தில் 20% பங்கு என்பது உலகெங்கும் வழக்கில் உள்ள கணக்கு. 200 கோடி ரூபாய் நிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டில் கட்டணமே 40 கோடி. கம்பனிகளில் போட மிச்சம் 160 கோடி. பணம் தந்தவர்களுக்கு அவர்கள் தந்த 200 கோடியை மூன்று மடங்காக, 600 கோடியாகத் தரவேண்டும் என்றால், 20% இலாபப் பங்கையும் சேர்த்து 700 கோடி திரும்பி வரவேண்டும். 20 கம்பனிகளில் தலா 8 கோடி போட்டால் பாதி முழுதாகப் போய்விடும் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஏழு கம்பனி ஒன்றரை மடங்கு தந்தால் 84 கோடி. மீதி 616 கோடியை மூன்றே மூன்று கம்பனிகள் கொண்டுவரவேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மடங்கு. எந்த மூன்று என்பது பணம் போடும் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கம்பனியையும் அந்த 25 மடங்குக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். உங்களிடம் போடும் 6 கோடி 150 கோடியாக வேண்டும். அடுத்தடுத்த முதலீட்டுச் சுற்றுகளில் அவர்களின் 30% கரைந்து 20% ஆகும் என்று வைத்தால், உங்கள் கம்பனி 750 கோடிக்கு விலைபோக வேண்டும். வாங்குபவர் ஆண்டு இலாபத்தின் 15 மடங்கு விலை கொடுக்கிறார் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டு இலாபம் 50 கோடி இருக்கவேண்டும். இன்று 85 இலட்சம். ஏறக்குறைய 60 மடங்கு. ஆறு ஆண்டில் அதை எட்ட ஒவ்வோர் ஆண்டும் இலாபம் இரட்டிக்க வேண்டும், ஓர் ஆண்டும் பிசகாமல். நீங்கள் அனுப்பிய டேர்ம் ஷீட்டின்படி இந்த நிதி ஏற்கெனவே தன் ஆறாம் ஆண்டில் இருக்கிறது. மிச்சம் இருப்பது நான்கு ஆண்டு. அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு.

கடல் அந்த வேகத்துக்கு வராது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஹோட்டல்கள் நிரம்பியிருக்கும், மீனும் வரும். வாடைக்காற்று தொடங்கினால் கார்த்திகையிலிருந்து தை வரை வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களே அதிகம், உல்லாசப் பயணிகளும் குறைவு. வேகமாக வளரச் சொன்னால் நீங்கள் தூரத்து வாடிகளில் வாங்கத் தொடங்குவீர்கள், அங்கேதான் முதலில் உடையும். சூரைக்கு, எங்கள் வெயிலில், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஒரு அடுக்கு, இடையில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. ஐஸைக் குறைத்து மீனைக் கூட்டினால் பெட்டியின் நடுவில் இருக்கும் மீன் குளிர்வதில்லை, சில மணிநேரத்தில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறிவிடும். பிறகு உறையவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போனபின் திருப்பி அனுப்பப்படும் பெட்டி அனேகமாக இப்படித்தான் கெட்டிருக்கும். அந்த வாடியில் ஐஸ் வைக்கப் பழகிய ஆளை உருவாக்க ஒரு பருவம் முழுக்க எடுக்கும். 6 கோடியைக் கொட்டினாலும் அந்தப் பருவம் சுருங்காது.

இனி, இது நிலைக்கிற பணமா என்ற கேள்வி. இந்தத் தொழில் மாறியிருப்பது உண்மை. 1946 இல் அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.சி என்ற துணிகர முதலீட்டுக் கம்பனி தொடங்கியபோது, வங்கி பிணை கேட்டுக் கைவிடும் புதுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் தருவதே நோக்கம். 1957 இல் அது டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினிக் கம்பனியில் போட்ட 70,000 டொலர் பல நூறு மடங்கானதுதான் இந்தத் தொழிலுக்கு நம்பிக்கை கொடுத்தது. 2010களில் வட்டி பூச்சியத்தை ஒட்டி இருந்ததால் நிதிகள் ஊதிப் பெருத்தன. 2021 இல் உலகெங்கும் போடப்பட்ட தொகை 60,000 கோடி டொலரைத் தாண்டியது. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 யூலையில் 5.25 – 5.50% வரை கொண்டுபோனது. 2023 மார்ச்சில், இப்படிப்பட்ட புதுக் கம்பனிகளின் வங்கியாக இருந்த சிலிக்கன் வலி வங்கி விழுந்தது. அந்த ஆண்டு முதலீடு 2021 இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2019 இல் 4,700 கோடி டொலர் மதிப்புச் சொல்லப்பட்ட, அலுவலக இடம் வாடகைக்கு விடும் வீவேர்க் 2023 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2022 இல் 2,200 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்ட இந்தியாவின் இணையவழிக் கல்விக் கம்பனி பைஜூஸ் 2024 இல் வங்குரோத்து நடவடிக்கைக்குள் போனது. வந்த பணம் தொழிலின் இயல்பான வேகத்தை மீறித் தள்ளியது இவை இரண்டிலும் கண்ணுக்குத் தெரிகிறது.

அதன்பின் பணத்தின் பெரிய பங்கு செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகள் பக்கம் சாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கிடைக்கும் பணம் குறைந்து, நிபந்தனைகள் இறுகிவிட்டன. 10 ஆண்டுக் கெடுவே பொருந்தவில்லை என்பதை முதலீட்டாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்கத் துணிகர முதலீட்டு நிறுவனமான செக்கோயா 2021 இல் கெடு இல்லாத நிரந்தர நிதி ஒன்றுக்கு மாறியதும் அதனால்தான். எங்கள் நாட்டிலேயே பாருங்கள்: 2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 மென்பொருள் கம்பனியை 2024 இல் சுவீடனின் முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்க முன்வந்தது. இலங்கையின் மிகச் சிறந்த வெற்றிகளில் ஒன்றுக்கே 19 ஆண்டு பிடித்திருக்கிறது. அதுவும் ஐஸ் தேவைப்படாத, உலகம் முழுக்க விற்கக்கூடிய மென்பொருள்.

இலங்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. 2022 இன் இறுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30% ஐத் தாண்டியிருந்தது. அரச உண்டியலில் அவ்வளவு கிடைக்கும்போது 10 ஆண்டு பணத்தைப் பூட்டிவைக்க யார் வருவார்? வட்டி பிறகு இறங்கியது, ஆனால் அந்த அனுபவத்தை முதலீட்டாளர்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. டொலரில் கணக்கு வைத்திருந்த நிதிக்கு, ரூபாயில் ஒன்றரை மடங்கு வளர்ந்த கம்பனிகூட நட்டமாகத் தெரிந்தது. ஆகவே உங்களைப் பயமுறுத்த வேண்டியது பணம் வருமா என்ற கேள்வி அல்ல. ஒருமுறை வந்த பணத்துக்குப் பின்னால் அடுத்த சுற்றுக்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான். 6 கோடியை 18 மாதத்தில் ஆட்கள், விளம்பரம், வாடகை என்று நடைமுறைச் செலவில் போட்டால் மாதம் 33 இலட்சம். இப்போதைய மாத இலாபம் 7 இலட்சம். விற்பனை எதிர்பார்த்தபடி ஏறாவிட்டால் 19ஆம் மாதத்தில் நீங்கள் மாதம் 26 இலட்சம் நட்டத்தில் நிற்பீர்கள், புதிய முதலீட்டாளர் இல்லாமல்.

டேர்ம் ஷீட்டுக்கு வருகிறேன். அதில் ஐந்து இடங்களில் சிவப்புக் கோடு போடுங்கள்.

முதலாவது, ஊழியருக்கான 10% பங்கு ஒதுக்கீடு "முதலீட்டுக்கு முன்" செய்யப்பட வேண்டும் என்ற வரி. 30% க்கு 6 கோடி என்றால் கம்பனியின் மொத்த மதிப்பு 20 கோடி, உங்களுடையது 14 கோடி என்று நினைத்திருப்பீர்கள். அந்த 10% முழுவதும் உங்கள் பக்கத்திலிருந்து போவதால் உங்களுக்கும் அண்ணாவுக்கும் மிஞ்சுவது 60%, அதாவது 12 கோடி. ஒதுக்கீட்டை 5% ஆக்கி, முதலீட்டுக்குப் பின் இருதரப்பிலிருந்தும் போகும்படி கேளுங்கள்.

இரண்டாவது, விற்பனையின்போது அவர்கள் போட்டதன் இரு மடங்கை முதலில் எடுத்துவிட்டு, மீதியிலும் 30% பங்கு எடுப்பது. இந்த ஒரு வரிதான் எல்லாவற்றிலும் கெட்டது. நல்ல விலையாக 25 கோடிக்குக் கம்பனி விற்கப்படுகிறது என்று வைப்போம். முதலில் 12 கோடி அவர்களுக்கு. மிச்சம் 13 கோடியில் 3 கோடி 90 இலட்சம் மறுபடி அவர்களுக்கு. உங்கள் இருவருக்கும் 7 கோடி 80 இலட்சம். நீங்கள் கேட்கவேண்டியது: போட்ட தொகையையா, பங்கு வீதத்தையா, ஏதாவது ஒன்றை மட்டும் அவர்கள் தெரிவுசெய்யலாம். அப்படியானால் அதே 25 கோடியில் அவர்களுக்கு 7 கோடி 50 இலட்சம், உங்களுக்கு 15 கோடி. ஒரே விற்பனை, ஒரே விலை, உங்கள் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த முன்னுரிமைத் தொகை ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டொலரில் எழுதி, 300 ரூபாய் டொலர் 450 ஆனால், 6 கோடி 9 கோடியாகிவிடும்.

மூன்றாவது, ஐந்தாம் ஆண்டின் பின் 18% கூட்டு வட்டியுடன் பங்கை நீங்கள் திருப்பி வாங்கவேண்டும் என்ற நிபந்தனை. கணக்கு 13 கோடி 73 இலட்சம். இது பங்கின் உடையில் வந்த கடன். அண்ணா சொல்லும் "தவணை இல்லை" இங்கே முடிந்துவிடுகிறது. 2007 ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கை மீட்குமுன் கடன் தீர்க்கும் ஆற்றல் கம்பனிக்கு இருக்கிறது என்று பணிப்பாளர் சபை உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆற்றல் இல்லாதபோது கொடுத்தால் பணிப்பாளர்களான உங்கள் இருவர் கையையும் கடிக்கும். இந்த வரியை முழுதாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அவர்கள் உண்மையில் கடன்தான் தருகிறார்கள் என்று வைத்து, கடனின் விலையில் பேசுங்கள்.

நான்காவது, அடுத்த சுற்றில் விலை இறங்கினால் அவர்களின் விலையும் முழுதாக இறங்கும் என்ற பாதுகாப்பு. பங்கு விலை பாதியானால் அவர்களின் 30 பங்கு 60 ஆகும், உங்களுடைய 60 அப்படியே நிற்கும். ஊழியரின் 10 உடன் மொத்தம் 130 இல் அவர்களுக்கும் உங்கள் பக்கத்துக்கும் தலா 46%. புதியவர் ஒரு சதம்கூடப் போடும் முன்பே கம்பனியின் பெரும்பான்மை உங்கள் கையை விட்டுப் போய்விடும். சராசரி விலை முறைக்கு (புதிதாக விற்கும் பங்கின் அளவுக்கேற்ப மட்டும் அவர்களின் விலை இறங்குவது) மாற்றக் கேளுங்கள். அது நியாயமான வழக்கம், பெரும்பாலான நிதிகள் ஏற்கும்.

ஐந்தாவது, 30% என்ற எண்ணே. அமைப்பு விதிகளை மாற்றவும் பெரிய சொத்துக் கொடுக்கல் வாங்கலுக்கும் தேவையான விசேட தீர்மானத்துக்கு 75% வாக்கு வேண்டும். 25% க்கு மேல் வைத்திருப்பவர் தனியாகவே அதைத் தடுக்கலாம். பங்குதாரர் ஒப்பந்தத்தில் தனியாக வேறு தடை உரிமைகளும் கேட்பார்கள். ஆகவே பங்கை 24% க்குள் நிறுத்தி, தடை உரிமைப் பட்டியலையும் சுருக்கிவையுங்கள். லொறி வாங்கவும் ஆள் எடுக்கவும் ஓவர்டிராஃப்ட் எடுக்கவும் அவர்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் நிலை வந்தால் ஒரு மீன்பிடிப் பருவமே தவறிப்போகும்.

வேறு யாரிடமும் பேசக்கூடாது என்று 90 நாள் கட்டுப்பாடு கேட்டிருக்கிறார்கள். 45 நாள் போதும். உடன்படிக்கை முறிந்தாலும் அவர்களின் சட்டத்தரணிச் செலவு உங்களுடையது என்ற வரிக்கு ஒரு உச்சத்தொகை எழுதவையுங்கள். நிதி வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். வேறு கணக்கில் வந்தால் பின்னர் அவர்கள் பணத்தை எடுத்துப்போகும்போது உங்கள் இருவருக்கும் தொல்லை.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? முதலில் உங்கள் கையிலேயே இருக்கும் பணத்தைப் பாருங்கள். மாத விற்பனை சராசரி 80 இலட்சம். 45 நாள் கடன் என்றால் எந்நேரமும் ஹோட்டல்களிடமும் உணவகங்களிடமும் 1 கோடி 20 இலட்சம் நிற்கிறது. வாடியில் சம்மாட்டிக்கு அன்றே காசு கொடுக்கிறீர்கள். கடன் காலத்தை 20 நாளுக்கு இறக்கினால் 67 இலட்சம் வெளியே வரும், ஒரு பங்கும் விற்காமல். ஏழு நாளில் கட்டுபவருக்கு 1.5% கழிவு கொடுங்கள். இங்குள்ள ஹோட்டல்களிடம் பருவம் தொடங்கும் சித்திரையிலேயே புதிய நிபந்தனையைச் சொல்லுங்கள். மீன் தட்டுப்பாடான காலத்தில் பேசினால் உங்கள் சொல் எடுபடும், அதனால் கொழும்பு உணவகங்களிடம் மார்கழியில் பேசுங்கள்.

கூலர் லொறிக்குப் பங்கு விற்கக்கூடாது. லொறியைப் பிணையாக வைத்து லீசிங் எடுக்கலாம், அது தேய்ந்து முடியும்போது கடனும் முடியும். பங்கு முடிவதில்லை. தவணையை மாதாமாதம் ஒரே அளவாக எழுதாமல், பருவத்தில் கூட்டியும் வாடைக்காலத்தில் குறைத்தும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். ஐஸ் அறைக்கும் இதுவே விதி.

இந்த முதலீட்டாளரே நீண்டகாலம் கூட இருக்க விரும்பினால், விற்பனையோடு இணைந்த மீளளிப்பை முன்வையுங்கள். 1 கோடி 50 இலட்சம் தருகிறார்கள், மாத விற்பனையில் 4% கொடுக்கிறீர்கள், மொத்தம் 2 கோடி 10 இலட்சம் சேர்ந்ததும் கணக்கு முடிகிறது. 80 இலட்சம் விற்கும் மாதத்தில் 3 இலட்சத்து 20 ஆயிரம். மார்கழியில் விற்பனை 40 இலட்சமானால் 1 இலட்சத்து 60 ஆயிரம். விற்பனை இப்படியே நின்றால் ஐந்தரை ஆண்டில் முடியும், ஆண்டுக்கு ஏறக்குறைய 13% செலவு. நீங்கள் வளர்ந்தால் சீக்கிரம் முடியும், அவர்களுக்கு வருவாய் வீதம் ஏறும். இதை மீட்கக்கூடிய முன்னுரிமைப் பங்காகவோ கடனாகவோ எழுதலாம். கடன் வட்டி வரிக்குக் கழியும், பங்கிலாபம் கழியாது. உங்கள் கணக்காளரிடம் இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பருவத்தோடு ஏறி இறங்கும் கிழக்குக் கரைத் தொழிலுக்கு என் மனதில் மிகப் பொருத்தமான வடிவம் இதுதான். இது பழக்கத்துக்கு வரவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கம்பனிகள் பிழையான பணத்தால் முறிவது வீண்.

ஆனால் உங்கள் தொழிலில் துணிகரப் பணம் பொருந்தும் ஒரு துண்டு இருக்கிறது: செயலி. அது உங்கள் மீனுக்கு மட்டும் ஓடும்வரை செலவுதான். மன்னாரிலும் கற்பிட்டியிலும் நீர்கொழும்பிலும் மிரிஸ்ஸவிலும் உள்ள விநியோகஸ்தர்கள் மாதக் கட்டணம் கட்டி அதைப் பயன்படுத்தினால், அது கடலைச் சாராமல் வளரக்கூடிய பொருள். சோதித்துப் பாருங்கள். வெளிவரும் 67 இலட்சத்தில் 15 இலட்சத்தை ஒதுக்கி, ஆறு மாதத்தில் வெளியூர் விநியோகஸ்தர் 10 பேரைக் கட்டணத்துக்குச் சேர்க்க முயலுங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள், இலவசம் எதையும் நிரூபிக்காது. மூன்றாம் மாதத்திலும் அவர்களில் எட்டுப் பேராவது கட்டணம் கட்டிக்கொண்டிருந்தால், செயலிக்குத் தனிக் கம்பனி அமைத்து அதற்கு மட்டும் துணிகர முதலீடு தேடலாம். அப்போது இதே நிதியிடமே நல்ல விலை கேட்கலாம். இரண்டு பேர்தான் மிஞ்சினால், 15 இலட்சத்தில் அறியவேண்டியதை அறிந்துவிட்டீர்கள்.

14 நாள் கெடுவுக்கு இப்படி ஒரு கடிதம் போதும்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. முன்னுரிமைத் தொகை ஒரு மடங்கு, பங்கு வீதத்துக்கு மாற்றாக மட்டும். மீட்பு நிபந்தனை நீக்கம். சராசரி விலைப் பாதுகாப்பு. உங்கள் பங்கு 24% க்கு மேற்படாமல். அல்லது 1 கோடி 50 இலட்சத்துக்கு விற்பனையோடு இணைந்த மீளளிப்பு. இவற்றில் எது உங்கள் நிதியின் மிச்ச ஆயுளுக்குப் பொருந்தும் என்று தெரிவியுங்கள். உங்கள் நிதி எந்த ஆண்டில் முடிகிறது, நீடிக்க எத்தனை ஆண்டு அனுமதி உண்டு என்பதையும் எழுத்தில் தாருங்கள்." கடைசி வரியை விடாதீர்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லும் முதலீட்டாளரோடு மற்றதையும் பேசலாம்.

பதில் வரும்வரை இரண்டு காகிதங்களை ஒழுங்குசெய்யுங்கள், ஏனென்றால் எந்த முதலீட்டாளரும், வங்கியும்கூட, இவற்றில்தான் நிற்பார்கள். செயலியை எழுதிய தம்பி கம்பனி ஊழியர் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுத்ததாலேயே நிரலின் உரிமை கம்பனிக்கு வந்துவிடாது. உரிமையை முழுதாகக் கம்பனிக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, மூலநிரலின் பிரதியையும் கடவுச்சொற்களையும் கம்பனிப் பெயருக்கு மாற்றுங்கள். ஐஸ் அறை கட்ட நினைக்கும் காணி அப்பாவின் பெயரில் உள்ள அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், அதை வாய்ச்சொல்லில் கம்பனி பயன்படுத்தக்கூடாது. பிரதேச செயலகத்தில் அனுமதி பெற்று எழுத்தில் வைத்த பிறகே முதல் கல்லை வையுங்கள்.